ஊசியை நிறுத்திய பின் மருமகளைக் குறை சொல்லாதீர்கள்

(குடும்ப நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





சபையில் பேசக் கூச்சப்படும் விஷயம்தான். ஆனாலும் நம்மிடம் வரும் குடும்பப் பிணக்குகளில் இது அடிக்கடி தலைகாட்டுவதால் பேசியாக வேண்டியிருக்கிறது.

முதல் குழந்தைக்குப் பின் இடைவெளி வேண்டும் என்று கணவனும் மனைவியும் கலந்து பேசிக் கருத்தடை ஊசி போட்டிருப்பார்கள். அடுத்த பிள்ளை வேண்டும் என்று நிறுத்துவார்கள். ஆறு மாதம் ஆகியும் உண்டாகவில்லை என்றதும் வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். "ஊசி போட்டுக் கர்ப்பப்பையைக் கெடுத்துக்கொண்டாள்" என்பார்கள். சில வீடுகளில் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பி, மறு நிக்காஹ் பேசும் அளவுக்குப் போய்விடுகிறது.

இடைவெளி விட்டதற்குத் தண்டனை என்று சொல்வதும் சரியல்ல. நபித்தோழர்கள் காலத்தில் 'அஸ்ல்' வழக்கில் இருந்தது ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. அதை வைத்தே, இருவரும் சம்மதித்துத் தற்காலிகமாக இடைவெளி விடுவதைப் பெரும்பாலான உலமாக்கள் அனுமதித்திருக்கிறார்கள்.

இனி மருத்துவத்துக்கு வருவோம். அரசு மருத்துவமனைகளில் 2017 முதல் 'அந்தரா' என்ற பெயரில் இலவசமாகப் போடப்படும் ஊசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது. அதன் மருந்து உடலிலிருந்து மெதுவாகத்தான் நீங்கும். கடைசி ஊசியிலிருந்து கணக்கிட்டால், மீண்டும் கருத்தரிக்க ஏறத்தாழ ஏழு முதல் பத்து மாதம் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். இது தாமதம்தானே தவிர மலட்டுத்தன்மை அல்ல. அதுவரை மாதவிலக்கு தள்ளிப்போனாலும் கெட்ட ரத்தம் உள்ளே தேங்குவதில்லை.

'மாலா-என்' போன்ற தினசரி மாத்திரை அப்படியல்ல. நிறுத்திய ஓரிரு மாதங்களில் கருமுட்டை வெளிவரத் தொடங்கிவிடும். முதல் மாதமே உண்டாகிறவர்களும் உண்டு. மாத்திரைக்கு முன்பே மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருந்தவர்களுக்கு, நிறுத்தியதும் அந்தப் பழைய கோளாறு திரும்பத் தெரியும். அதை மாத்திரை உண்டாக்கியது என்று எண்ண வேண்டாம். அதுவரை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவே.

அடுத்த பிள்ளைக்கு நிய்யத் வைத்த நாளிலிருந்தே போலிக் அமில மாத்திரை, தினம் 400 மைக்ரோகிராம், சாப்பிடத் தொடங்க வேண்டும். சிசுவின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்க அது உதவும். சர்க்கரை, தைராய்டு, வலிப்பு, ரத்த அழுத்தம் இவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு, மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து 9ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை கருத்தரிக்க வாய்ப்பு அதிகம்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது? கருத்தடை இல்லாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் உண்டாகவில்லை என்றால் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம் போதும். மாதவிலக்கு ஒழுங்கற்று இருந்தால் அதற்கும் முன்பே போகலாம்.

சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் கணவர் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளியது, வலி இல்லாதது. மனைவியை ஊர் ஊராக மருத்துவமனைக்கு அலைக்கழிக்கும் முன் அதைச் செய்துகொள்ளுங்கள். சிகரெட்டையும் புகையிலையையும் விட்டுவிடுங்கள்.

மாமியார்மார்களே! ஆணையும் பெண்ணையும் கொடுப்பவன் அல்லாஹ். சிலருக்குக் கொடுக்காமல் வைப்பவனும் அவனே. ஜகரிய்யா (அலை) அவர்கள் முதுமையிலும் நம்பிக்கை இழக்காமல் துஆ கேட்டார்கள். நீங்களும் மருமகளுக்காகக் கையேந்துங்கள். "என்ன விசேஷம்?" என்று மாதாமாதம் கேட்பதை நிறுத்தினாலே அவள் பாரம் பாதி இறங்கும்.

பரிசோதனைச் செலவுக்குச் சிரமப்படுவோர் நம் அலுவலகத்தில் தெரிவிக்கலாம். பெண்களிடம் பெண்களே விசாரிப்பார்கள். பெயர் வெளியே போகாது, இன்ஷா அல்லாஹ்.