தாயத்தும் நற்செய்திப் பணியும்
(பத்தாம் ஆண்டு விழாப் பேச்சின் எழுத்து வடிவம்)



1714இல் களத்தில் வீழ்ந்த தேசிங்கைப் பாடும் செஞ்சி மக்கள், அவனுக்காக உயிர் துறந்த இசுலாமிய நண்பனையும் சேர்த்தே பாடுகின்றனர். சமயங்கள் வேறாயினும் மக்களின் அன்பு ஒன்றே. அச்சமும் அவ்வாறே. அவ்வச்சத்தின் சின்னம் தாயத்து. 'தாவீசு' என்னும் அரபுச் சொல்லோடு உறவுடைய சொல் அது. காய்ச்சல் கண்ட குழந்தையின் கழுத்தில் அதைக் கட்டும் தாய் எச்சமயத்தவள் ஆயினும், அவள் கலக்கம் ஒன்றுதான்.

இந்நம்பிக்கைகளை முதலில் விரிவாகப் பதிவு செய்தோருள் சாபர் செரீப் என்னும் தக்காண இசுலாமியர் ஒருவர். அவர் எழுதியதைச் சென்னை மாகாணப் படை மருத்துவர் எர்க்லாட்சு மொழிபெயர்த்து, 'கானூனே இசுலாம்' என 1832இல் இலண்டனில் வெளியிட்டார். எண்கட்டங்கள், பேயோட்டுதல், திருடனைக் கண்டறிதல் ஆகிய யாவும் அதில் உள.

1920இல் அமெரிக்கக் கிறித்தவப் பணியாளர் சாமுவேல் சுவெமர், இத்தகைய வழக்கங்களைத் தொகுத்து, இசுலாத்தினுள் ஆவி வழிபாடு கலந்துள்ளது என நூல் எழுதினார். கொள்கை வாதத்தைவிட மக்களின் அச்சத்தை அறிதலே பணிக்கு வழி என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. ஆந்திரத்தில் பணியாற்றிய பால் கீபர்ட்டு 1982இல் எழுதிய கட்டுரையில், தம் கல்வி கடவுளைப் பற்றியும் அறிவியலைப் பற்றியும் விடை தந்ததேயன்றி, இடைப்பட்ட ஆவி, மந்திரம் பற்றிய மக்களின் வினாக்களுக்கு விடை தரவில்லை என்றார். நேர்மையான சொல் அது.

ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அச்சத்தை ஆற்றுவதற்காக அறிகிறோமா, ஆளைச் சேர்ப்பதற்காக அறிகிறோமா? பின்னதாயின், நோயுற்ற குழந்தை வெறும் வாயிலாகிவிடும். மேலும், தாயத்தை மட்டும் கண்டு இசுலாத்தை அளத்தல் முறையன்று. குர்ஆனின் இறுதி இரு அத்தியாயங்களும் தீங்கினின்று இறைவனிடமே காவல் தேடுவன. தாயத்தைக் கண்டித்த இசுலாமியச் சீர்திருத்தவாதிகள் பலர்.

எள்ளலுமின்றி, உள்நோக்கமுமின்றி இவ்வழக்கங்களைக் கேட்டு எழுதிவைத்தல் நம் போன்ற இலக்கிய வட்டங்களின் கடமை. கேட்கப்படும் மனிதர் தம் சொல் தமக்கெதிராகத் திரும்பாது என நம்பினாலன்றி வாய் திறவார். அந்நம்பிக்கையைக் காப்போமாக எனக் கூறி அமைகிறேன்.