கேட்டதும் கிடைத்ததும்



தோட்டங்களில் வளர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று கணினிக் கல்வி பயில்கிறார்கள். இரவில் நெடுநேரம் விழித்திருக்கும் மகனிடம், "என்னப்பா செய்கிறாய்?" என்று தாய் கேட்டால், "நினைவகத்தில் ஒரு கோளாறு, அம்மா. தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று பதில் வருகிறது. அந்தக் கோளாறு என்ன? அதைத் தடுக்க அனுபவசாலிகள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள்? இன்று இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

கணினிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளின் வரிசையே நிரல். நிரல் வேலை செய்யும்போது விவரங்களை வைத்துக்கொள்ள இடம் வேண்டும். அந்த இடத்திற்கு நினைவகம் என்று பெயர். அதைப் பைட் என்னும் சிறு அறைகளால் அளக்கிறோம்.

பால்மரத்தில் மங்கு நிரம்பி வழிந்தால் பால் மண்ணில் போகும். நட்டம் அவ்வளவோடு முடிந்துவிடும். கணினியில் அப்படியில்லை. அங்கே அறைகள் லயத்து வீடுகளைப்போல ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. ஓர் அறையில் வழிந்தது, பக்கத்து அறையில் இருந்ததை அழித்துவிடும். அழிந்தது ஒருவருடைய பணக் கணக்காக இருக்கலாம். நிரல் அடுத்துச் செய்யவேண்டியது என்ன என்ற குறிப்பாகவும் இருக்கலாம்.

1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்பவர் 'சி' என்னும் கணினி மொழியை உருவாக்கினார். கணினிகளின் அடிப்படை வேலைகளைச் செய்யும் நிரல்கள் பல இன்றும் இம்மொழியிலேயே இருக்கின்றன. இதில் இடம் கேட்பதற்கு 'மாலாக்' என்றொரு கட்டளை உண்டு. இத்தனை பைட் வேண்டும் என்று கேட்டால், இடம் இருக்கும் முகவரியைத் தரும். இடம் இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்பும். அது வெறுங்கையோடு வந்ததா என்று பார்ப்பது கேட்டவருடைய பொறுப்பு.

ஒரு நிரலில் நூற்றுக்கணக்கான இடங்களில் இப்படிக் கேட்கவேண்டி வரும். தொண்ணூற்றொன்பது இடங்களில் பார்த்தவர், நூறாவது இடத்தில் மறந்துவிடுவார். மனித இயல்பு அது. ஆகவே அனுபவசாலிகள் ஓர் உதவிக் கட்டளையை எழுதிக்கொண்டார்கள். அதற்கு 'எக்ஸ்மாலாக்' என்று பெயர். இது தானே இடம் கேட்கும். கிடைத்ததா என்று தானே பார்க்கும். கிடைக்காவிட்டால் 'நினைவகம் தீர்ந்தது' என்று அறிவித்து நிரலை நிறுத்திவிடும். சோதனையை ஒரே இடத்தில் எழுதி வைத்தால், மற்ற இடங்களில் மறப்பதற்கு வழியில்லை அல்லவா?

இதோடு ஆபத்து தீர்ந்ததா? தீரவில்லை. 2002ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள்.

தொலைவில் உள்ள கணினியை இருந்த இடத்திலிருந்தே பாதுகாப்பாக இயக்க, 'ஓப்பன்எஸ்எஸ்எச்' என்னும் நிரல் உலகெங்கும் பயன்படுகிறது. உள்ளே வர விரும்புபவரிடம் அது சில கேள்விகளைக் கேட்கும். வருபவர், 'என்னிடம் இத்தனை பதில்கள் உள்ளன' என்று முதலில் எண்ணிக்கையைச் சொல்வார். ஒரு பதிலின் முகவரியை வைக்க 4 பைட் என்று கொண்டால், எண்ணிக்கையை 4ஆல் பெருக்கி, அத்தனை பைட் இடத்தை எக்ஸ்மாலாக்கிடம் நிரல் கேட்கும். முறைப்படிதானே இருக்கிறது?

பழைய மோட்டார் சைக்கிளில் தூரம் காட்டும் மானியைப் பார்த்திருப்பீர்கள். 99,999 ஆனபிறகு அது 00000க்குத் திரும்பிவிடும். கணினியின் எண்களுக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. 32 பிட் கணினியில் அந்த எல்லை 4,294,967,295. அதைத் தாண்டினால் மறுபடியும் சுழியிலிருந்து தொடங்கும்.

வந்தவர் வஞ்சகராக இருந்து, 'என்னிடம் 1,073,741,825 பதில்கள் உள்ளன' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 4ஆல் பெருக்கினால் 4,294,967,300. எல்லை தாண்டிவிட்டது, மானி சுற்றிவந்து 4 என்று காட்டுகிறது. எக்ஸ்மாலாக் 4 பைட் கேட்கிறது. 4 பைட் கிடைக்கிறது. கிடைத்ததா என்ற சோதனையிலும் தேறிவிடுகிறது. பிறகு அந்தச் சிறு இடத்தில் பதில்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கத் தொடங்குகிறார்கள். இரண்டாவது பதிலிலேயே வழிந்துவிடுகிறது. இந்தக் குறையால், சில அமைப்புகளில் கடவுச்சொல் அறியாதவரும் தம் கட்டளைகளை அந்தக் கணினியில் இயக்க வழி இருந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் வெளிவந்த 3.4 பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது.

நேயர்களே, கிடைத்ததா என்று பார்த்தார்கள். கேட்ட அளவு சரியா என்று பார்க்கவில்லை. பிழை அங்கேதான் இருந்தது.

இதற்கு மாற்று என்ன? பெருக்கிய தொகையைக் கொடுக்காமல், எண்ணிக்கையையும் ஒன்றின் அளவையும் தனித்தனியே உதவிக் கட்டளையிடம் கொடுத்துவிடுவது. திருவிழாச் சமையலுக்கு, 'இத்தனை குடும்பம், குடும்பத்துக்கு இத்தனை கிலோ அரிசி' என்று கடைக்காரரிடம் சொல்லி, கணக்கை அவரையே போடச் சொல்வதைப் போன்றது இது. பெருக்கிப் பார்த்துப் பிழையைக் காண இயலாது, பெருக்கல்தானே ஏமாற்றுகிறது? அதனால் உதவிக் கட்டளை முதலில் வகுத்துப் பார்க்கிறது. எல்லையை 4ஆல் வகுத்தால் 1,073,741,823 வரும். எண்ணிக்கை அதைவிடப் பெரிதானால், 'முடியாது' என்று மறுத்துவிடும்.

ஓப்பன்எஸ்எஸ்எச் நிரலை உருவாக்கிய ஓப்பன்பிஎஸ்டி குழுவினரே 2014இல் 'ரீஅலாக்அரே' என்ற பெயரில் இத்தகைய உதவிக் கட்டளையை வெளியிட்டனர். 2017இல் லினக்ஸ் கணினிகளில் பெரிதும் பயன்படும் குனு சி நூலகம் அதை ஏற்றது. 2024இல் போசிக்ஸ் என்னும் பொதுத் தரத்திலும் அது இடம்பெற்றது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இடம் கிடைக்காதபோதெல்லாம் நிரலை நிறுத்திவிடுவது பொருந்தாது. ஒரு பெரிய படத்தைத் திறக்க இடம் இல்லையென்றால், எழுதி முடிக்காத மற்ற வேலைகளும் சேர்ந்து அழியலாமா? ஆகவே 'ஜிலிப்' என்னும் நூலகத்தில் இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். 'ஜி மாலாக்' இடம் கிடைக்காவிட்டால் நிரலை நிறுத்திவிடும். 'ஜி டிரை மாலாக்' வெறுங்கையோடு திரும்பி, முடிவை நிரலிடமே விட்டுவிடும். அளவை வெளியார் சொல்லும் இடங்களில் இரண்டாவதே ஏற்றது.

பெற்றோரே! கணினி மொழி நமக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எடை போடுமிடத்தில் நின்று, நம் கணக்கைச் சரிபார்த்து வாங்கிய அனுபவம் நமக்கு உண்டு. நாளை பிள்ளை நினைவகக் கோளாறு என்றால், அருகில் உட்கார்ந்து இரண்டே கேள்விகள் கேளுங்கள். 'தம்பி, கேட்டது கிடைத்ததா என்று பார்த்தாயா? எவ்வளவு கேட்பது என்று உனக்குச் சொன்னது யார்?' இரண்டாவது கேள்விக்கு அவன் சற்று யோசித்தால், தேடிய பிழை அகப்பட்டாலும் அகப்படும்.