சித்தன்னவாசலின் கற்படுக்கைகள்



மலேசியாவின் கலும்பாங்கிலும் அதனைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களிலும் குடியேறிய நம் முன்னோர் கப்பலேறி வந்த சீமைகளுள் புதுக்கோட்டையும் ஒன்று. அந்தப் புதுக்கோட்டை நகருக்கு வடமேற்கே, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தூரத்தில், வானம் பார்த்த வயல்களுக்கும் முட்புதர்களுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஒரு மொட்டைப் பாறைக் குன்று; அதன் அடிவாரத்துச் சிற்றூரே சித்தன்னவாசல்.

குன்றேறி அதன் கீழைச் சரிவுக்குச் சென்று, பாறையில் வெட்டப்பட்ட குழிகளில் கால் பதித்து மெல்ல நகர்வோர், ஏழடிப்பட்டம் என வழங்கும் இயற்கைக் குகையை அடைவர். தலைமாடு சற்றே உயர்ந்திருக்க, வழவழப்பாக இழைக்கப்பட்ட 17 கற்படுக்கைகள் அங்கே இருக்கின்றன. சமண முனிவர்களின் சயனமும் ஆசனமும் தபோவனமும் அவையே. இத்தாலியிலே சூபியாக்கோ மலையில் புனித பெனடிக்டு தனித்துறைந்த குகையைச் சுற்றிப் பிற்காலத்தில் பெரிய மடாலயம் எழும்பிற்று; இங்கோ வெறும் பாறை இன்றும் வெறும் பாறையாகவே நிற்கிறது.

ஆயினும், இப்படுக்கைகளுள் ஒன்றில், ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட சாசனம் ஒன்று என் உள்ளத்தை மிகவும் உருக்குவது. எருமை நாட்டுக் குமுழூரிலே பிறந்த ஒருவருக்காகச் சிறுபோசில் இளையர் இந்த இருக்கையைச் செய்தளித்தார் என்பதே அதன் செய்தி. எருமை நாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. வீட்டையும் சுற்றத்தையும் துறந்து அத்தனை தூரம் நடந்து வந்த துறவிக்கும் பிறந்த ஊர் எதுவென்று கல் அறிவிக்கிறதே! தோட்டத்து லயங்களில் நம் பாட்டிமாரிடம் பேச்சுக் கொடுத்தால், பெயருக்கு முன்பே ஊரைத்தானே சொல்வார்கள்? அந்த அபிமானம் வைராக்கியத்துக்கு விரோதமானதன்று என்பது என் துணிபு.

இடைக்காலத்திலும் முனிவர்கள் வந்தவண்ணமே இருந்தார்கள். திருநீலன், திருப்பூரணன் முதலிய நாமங்கள் அருகிலேயே பொறிக்கப்பட்டுக் காணப்படுகின்றன. குன்றின் மேலைச் சரிவில் குடையப்பட்ட அறிவர் கோயிலை, 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்து முகமண்டபமும் எடுத்தான். அதன் விதானத்திலே, தாமரை மலர்ந்த தடாகம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. யானையும் எருமையும் நீரில் திளைக்க, மீன்கள் துள்ள, அன்னங்கள் நீந்த, இளைஞர் மூவர் பூக்கொய்து நிற்கின்றனர். தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சமவசரணம் என்னும் சபையின் பொய்கை அது என்பர் அறிஞர். உணவையும் உறக்கத்தையும் சுருக்கிக்கொண்ட அம்முனிவர்கள் நீரையும் பூவையும் உயிர்களையும் வெறுக்கவில்லை; ஒன்றையும் கொல்லாதவர் கண்ணுக்கு உலகம் எவ்வளவு செழிப்பாகத் தோன்றியிருக்க வேண்டும்!

அந்தச் சித்திரத்தின் வர்ணங்கள் பல இடங்களில் உதிர்ந்துவிட்டன; எஞ்சியவற்றையாவது கண்டுவிட வேண்டும். ஊருக்குப் போகும் நேயர்கள் உறவினரைப் பார்த்த கையோடு அங்கும் போய் வாருங்கள். பாறை சூடேறுமுன் காலையிலேயே ஏழடிப்பட்டத்துக்கு ஏறிவிடுங்கள். அதன்பின் அறிவர் கோயிலுக்குச் சென்றால் நிதானமாக நின்று விதானத்தைப் பார்க்கலாம். தூண்களில் உள்ள சித்திரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, அவற்றைத் தொடாதீர்கள்.