கத்ரி கோபால்நாத்தும் சாக்சபோனும்



வெள்ளிவிழா மேடையில் நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டுச் சிலர் வியக்கக்கூடும். படிப்பு, உதவித்தொகை, வேலைவாய்ப்பு ஆகியவை குறித்து எமக்கு முன் பேசியோர் நிறைவாகவே உரைத்துவிட்டனர். ஆகவே, ஓர் ஊதுகருவியைப் பற்றியும் அதனை ஊதிய ஒரு மனிதரைப் பற்றியும் சில நிமிடங்கள் பேச விழைகின்றோம்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் திருமண ஊர்வலமாயினும் இறுதி ஊர்வலமாயினும் பேண்டு செட் முன்னே செல்வதை நாம் அறிவோம். அதில் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் சாக்சபோனும் ஊதுவோரில் பலர் நம் தெருப் பிள்ளைகள். பகலில் ஷூ கம்பெனியிலும் தோல் பதனிடும் தொழிற்சாலையிலும் உழைத்துவிட்டு இரவில் சீருடை அணிந்து ஊதுகின்றனர். ஊதும்வரை அனைவரும் கேட்கின்றனர். ஊதி முடித்தபின் பந்தலுக்கு வெளியே நிற்க வைக்கின்றனர். நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில், முகூர்த்த மாதங்களில் அடிக்கடி விடுப்பு எடுத்த மாணவனை ஆசிரியர் ஒருவரே வகுப்பு நடுவே ‘பேண்டுக்காரன்’ என்று அழைத்தார். அச்சிறுவன் முதலில் கருவியை விட்டான்; சில மாதங்களில் பள்ளியையும் விட்டான். எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை.

இனிக் கருவிக்கு வருவோம். சாக்சபோனை உருவாக்கியவர் பெல்ஜியம் நாட்டில் பிறந்த அடால்ப் சாக்ஸ். 1846-இல் பாரிசில் அதற்குக் காப்புரிமை பெற்றார். படைப்பிரிவுகளின் பேண்டு இசைக்குப் பயன்பட்ட கருவி அது. உடல் பித்தளை, ஆயினும் ஒலி பிறப்பது வாயருகே உள்ள ஒற்றை நாணல் சீவலில். உடலில் உள்ள இருபதுக்கும் மேற்பட்ட துளைகளை மூடும் சிறு மூடிகளுக்கு அடியில் மெத்தென்ற பட்டைகள் உண்டு. அவற்றின் மேலுறை பெரும்பாலும் மெல்லிய தோல். ஆட்டுத்தோலை நம் ஊர்க்காரர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? தோல் காய்ந்து வெடித்தால் காற்று கசியும், சுருதி போய்விடும். மிருதங்கத்திற்கும் இதே கதைதான். அதற்குத் தோல் போர்த்தும் கைவினைஞருள் தலித் கிறித்தவர் பலர் என்பதை 2020-இல் வெளிவந்த டி.எம். கிருஷ்ணாவின் நூல் விரிவாகக் கூறுகின்றது. இசைத்தவர் பெயர் நோட்டீசில் வந்தது. தோல் போர்த்தியவர் பெயர் வரவில்லை.

கத்ரி கோபால்நாத் 1949-இல் கருநாடக மாநிலத்தின் தென்கன்னடப் பகுதியில் பிறந்தார். தந்தையார் நாதசுவரக் கலைஞர். மகனும் நாதசுவரமே பயின்றார். மைசூர் அரண்மனை பேண்டில் ஒருவர் சாக்சபோன் ஊதக் கேட்டதும் அவர் மனம் அதன்பால் சென்றது. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். கருவி கைவசப்பட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

இருபது ஆண்டுகள் எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். நாதசுவரத்தில் விரல் நேராகத் துளையின் மேல் அமர்கின்றது. துளையைப் பாதி திறக்கலாம், வழுக்கலாம், அசைக்கலாம். கமகம் அவ்வாறு பிறக்கின்றது. சாக்சபோனிலோ விரலுக்கும் துளைக்கும் இடையே மூடி நிற்கின்றது. திற அல்லது மூடு என்பதே அதன் இயல்பு. படிக்கட்டில் ஏறுவது போலச் சுரங்கள் தனித்தனியே நிற்கும். தோடி இராகத்தைப் படிக்கட்டில் ஏற்றிப் பாருங்கள்! ஆகவே உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சின் அளவாலும் சுரத்தை வளைக்க அவர் பழகினார். கருவியிலும் சில மாற்றங்கள் செய்துகொண்டார். இதற்கு முன் வயலின் இவ்வாறே மேல்நாட்டிலிருந்து வந்து நம் இசையில் கலந்தது. திருச்சி ஏ.கே.சி. நடராசன் கிளாரினெட்டுக்குக் கச்சேரி மேடையில் இடம் பெற்றுத் தந்தார்.

1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் கோபால்நாத் வாசித்தார். அங்கே வந்திருந்த அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஜான் ஹேண்டி அதைக் கேட்டு, உடன் வாசிக்க விரும்பி மேடையேறினார். நாம் சற்று நின்று நோக்க வேண்டிய இடம் இது.

ஜாஸ் என்பது யாருடைய இசை? அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வளர்த்த இசை. அங்கும் இறுதி ஊர்வலத்தில் பேண்டு முன்னே சென்றது. அந்தத் தெரு இசைதான் பின்னாளில் உலகின் பெரிய அரங்குகளுக்குச் சென்றது. 1933-இல் பிறந்த ஹேண்டி சாக்சபோன் கலைஞர், பாடவும் செய்வார். 1959-இல் சார்லஸ் மிங்கஸ் குழுவில் இருந்தார். அவ்வாண்டு அக்குழு பதிவுசெய்த இசைத்தொகுப்பில் ஆர்கன்சா மாநில ஆளுநர் பாபஸ் என்பாரை எள்ளி நகையாடும் ஒரு படைப்பு உண்டு. அவர் செய்த குற்றம் யாது? 1957-இல் லிட்டில் ராக் நகர உயர்நிலைப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர் நுழையாதவாறு படைவீரரை வாயிலில் நிறுத்தினார். இறுதியில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் இராணுவத்தை அனுப்பி அம்மாணவரை உள்ளே அழைத்துச் செல்லச் செய்தார். ஒன்பது பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல ஓர் இராணுவம்! பள்ளிவாயிலில் தடுக்கப்பட்ட தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

பிற செய்திகளைச் சுருங்கக் கூறுவோம். 1994-இல் இலண்டன் இராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பி.பி.சி. நடத்திய இசைவிழாவில் கோபால்நாத் வாசித்தார். அதே ஆண்டில் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தில் நாம் கேட்ட சாக்சபோன் அவருடையது. 2004-இல் பத்மஸ்ரீ. அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பா என்னும் ஜாஸ் கலைஞருக்கு அவர் அண்ணன் கோபால்நாத்தின் ஒலித்தட்டை வேடிக்கையாகப் பரிசளித்தாராம். கேட்டவருக்கு வேடிக்கை தோன்றவில்லை. இருவரும் சேர்ந்து 2008-இல் ஓர் இசைத்தொகுப்பையே வெளியிட்டனர். 2019 அக்டோபர் 11-ஆம் நாள் கோபால்நாத் மறைந்தார்.

அவர் நம் சமூகத்தவர் அல்லர். நாதசுவர வீட்டில் பிறந்ததால் குருவும் மேடையும் தேடிச் செல்ல அவருக்கு வழி இருந்தது. நம் பிள்ளைக்கு மூச்சு இருக்கின்றது, உதடு இருக்கின்றது, கருவியும் வாடகைக்குக் கிடைக்கின்றது. கிடைக்காதது குருவும் காலமும். காதால் கேட்ட திரைப்பாடலை அப்படியே ஊதிக்காட்டும் பையனுக்குச் சுரம் எழுதத் தெரியாது. எழுதியதைப் படிக்கவும் தெரியாது.

எனவே செயற்குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். சங்கத்தின் மாலைநேர வகுப்பு ஞாயிறன்று நடைபெறுவதில்லை. கட்டிடம் பூட்டியே கிடக்கின்றது. அன்று இரண்டு மணி நேரம் சுரமும் தாளமும் குறியீட்டுடன் கற்பிக்க ஏற்பாடு செய்யலாம். பேண்டில் ஊதி ஓய்ந்த முதியவர் இருவர் வர இசைந்துள்ளனர். பழைய ஆல்டோ சாக்சபோன் ஒன்றும் விலைக்கு வருகின்றது. பட்டைகளுக்குத் தோல் மாற்ற வேண்டும், அதை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம். எட்டாம் வகுப்புக்கு மேல் பயிலும் மாணவரும் மாணவியரும் தம் பெயர்களைச் செயலரிடம் கொடுக்கலாம். முகூர்த்த நாள்களில் வகுப்பு இராது.