அழற்சி அடங்கும் விதம்

சிவத்தல், வீக்கம், சூடு, வலி என அழற்சியின் நான்கு அடையாளங்களை ரோமானிய ஆசிரியர் செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். இவை எதனால் தோன்றுகின்றன என்று தேடுவதிலேயே பிற்கால மருத்துவத்தின் உழைப்பில் பெரும்பகுதி சென்றது. 1882இல் மெசினாவில் மெட்ச்னிகாஃப் நட்சத்திரமீனின் இளவுயிரியில் முள்ளைக் குத்தி, அதைச் சுற்றி உயிரணுக்கள் திரளக் கண்டார். 1971இல் ஜான் வேன், புரோஸ்டாகிளாண்டின் என்னும் அழற்சிச் சேர்மம் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று காட்டினார். ஆனால் திரண்ட அணுக்கள் எப்படிக் கலைகின்றன என்பதை அநேகமாக யாரும் கேட்கவில்லை. தூண்டுதல் நின்றால் வேதிப்பொருள்கள் நீர்த்துப்போகும், அழற்சி தானே ஓய்ந்துவிடும் என்பதே பாடநூல்கள் தந்த விடை. அது போதாது என்று காட்டிய ஆய்வுகளில் முதன்மையானவை, பாஸ்டனில் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையிலும் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியிலும் சார்லஸ் செர்ஹான் நடத்தியவை. அழற்சி அடங்கும் விதத்தைப் பேசவிருக்கும் இம்மாநாட்டுக்கு அவையே அடித்தளம்.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஆய்வாளர் சாமுவெல்சனுடன் பணியாற்றியபோது செர்ஹான் மனித வெள்ளணுக்களிலிருந்து லிப்பாக்சின் என்ற புதிய சேர்மத்தைப் பிரித்தெடுத்தார். 1984இல் அது அறிவிக்கப்பட்டது. அழற்சியை மூட்டும் புரோஸ்டாகிளாண்டினும் லியூக்கோட்ரையீனும் எந்த அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து பிறக்கின்றனவோ, அதிலிருந்தே லிப்பாக்சினும் பிறக்கிறது. வேலை மட்டும் நேர்மாறு: நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் மேலும் வந்து குவியாமல் அது தடுக்கிறது.

அழற்சியை மூட்டும் சேர்மங்களிலிருந்து லிப்பாக்சினுக்கு உடல் மாறுவது எப்போது என்பதற்கு விடை தந்தது எளிய ஒரு சோதனை. சுண்டெலியின் முதுகுத் தோலுக்கு அடியில் காற்றைச் செலுத்தினால் சிறு பை ஒன்று உருவாகும். அதற்குள் அழற்சியைத் தூண்டும் பொருளைச் செலுத்தி, குறித்த மணிநேர இடைவெளிகளில் பையில் ஊறும் நீரை எடுத்து, அதிலுள்ள அணுக்களை எண்ணி, கொழுப்புச் சேர்மங்களையும் அளக்கலாம். முதலில் புரோஸ்டாகிளாண்டினும் லியூக்கோட்ரையீனும் எழும். நியூட்ரோபில்கள் வந்து குவியும். பிறகு லிப்பாக்சின் ஏறும். நியூட்ரோபில்களின் எண்ணிக்கை இறங்கும். இச்சோதனை பற்றி 2001இல் வெளியான கட்டுரையின் உண்மையான வியப்பு அடுத்த செய்தியில் இருக்கிறது. முதலில் எழுந்த அதே புரோஸ்டாகிளாண்டின்தான் நியூட்ரோபில்களுக்குள் 15-லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதியை உண்டாக்கி, லியூக்கோட்ரையீன் செய்துகொண்டிருந்த அணுவை லிப்பாக்சின் செய்யவைக்கிறது. முடிவுக்கான ஏற்பாடு தொடக்கத்திலேயே அமைந்துவிடுகிறது.

பணி முடித்த நியூட்ரோபில்கள் வெடித்துச் சிதறுவதில்லை. கட்டுப்பாடான முறையில் இறக்கின்றன. அவற்றை மேக்ரோஃபேஜ் என்னும் துப்புரவு அணுக்கள் விழுங்குவதை ஜான் சாவிலும் கிறிஸ்டோபர் ஹாஸ்லெட்டும் உள்ளிட்ட குழுவினர் 1989இல் விளக்கினர். விழுங்கிய மேக்ரோஃபேஜ்கள் நிணநீர் வழியே வெளியேறுகின்றன. இந்தத் துப்புரவு தவறினால் நியூட்ரோபில்களின் நொதிகள் கசிந்து திசுவையே அரிக்கும்.

2000ஆம் ஆண்டு முதல், லிப்பாக்சினைப் போல அழற்சியை அடக்கும் சேர்மங்களின் குடும்பம் விரிந்தது. மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 அமிலமான ஈபிஏவும் ஆஸ்பிரினும் தரப்பட்ட சுண்டெலிகளின் காற்றுப்பை நீரில் ரிசால்வின்கள் கிடைத்தன. 2002இல் மற்றோர் ஒமேகா-3 அமிலமான டிஹெச்ஏவிலிருந்து பிறக்கும் ரிசால்வின்களும், பின்னர் ப்ரொடெக்டின்களும், 2009இல் மாரெசின்களும் சேர்ந்தன. ஆஸ்பிரினின் பங்கு தனியே கவனிக்கத்தக்கது. அது புரோஸ்டாகிளாண்டினைச் செய்யும் காக்ஸ்-2 நொதியின் மேல் ஓர் அசிட்டைல் தொகுதியை ஒட்டிவிடுகிறது. நொதி அதனால் முழுதும் செயலிழப்பதில்லை. புரோஸ்டாகிளாண்டினை விட்டு வேறொரு பொருளைச் செய்யத் தொடங்குகிறது. இரத்தக்குழாய்ச் சுவரில் உருவாகும் அந்தப் பொருளை அருகில் வரும் நியூட்ரோபில் வாங்கி, லிப்பாக்சினின் இணைவடிவமாக முடிக்கிறது. இரண்டு அணுக்கள் கூடிச் செய்யும் மருந்து இது. நொதியை வெறுமனே அடைக்கும் மற்ற வலிமருந்துகளுக்கு இந்த வழி இல்லை.

மருத்துவத்துக்கு இதிலிருந்து எழும் எச்சரிக்கை பெரியது. 1999இல் லண்டனில் டெரக் கில்ராயின் குழு, எலியின் நுரையீரல் உறையில் மூட்டிய அழற்சி தணியும் கட்டத்தில் காக்ஸ்-2வை அடைத்தது, அழற்சி நீண்டது. ஆகவே அழற்சிக்கு எதிரான மருந்து எல்லா நேரத்திலும் அழற்சிக்கு எதிராகவே வேலை செய்யும் என்று கொள்ள முடியாது. மருந்தளவு பற்றிப் பேசும் அளவுக்கு மருந்து தரும் வேளை பற்றி மருத்துவ உலகம் பேசுவதில்லை. இது சரிசெய்யப்பட வேண்டிய குறை. காக்ஸ்-2வை அடைத்ததன் விளைவுக்கு மாறாக, முயல்களின் ஈறுநோயில் ரிசால்வின் ஈ1 பூசியபோது அழற்சி அடங்கியதோடு, இழந்த எலும்பும் மீண்டு வளர்ந்தது.

மனிதரிடம் சான்று இன்னும் மெல்லியது. முன்கைத் தோலில் கேந்தரிடின் என்ற எரிச்சலூட்டும் பொருளால் கொப்புளம் எழுப்பிப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், குறைந்த அளவு ஆஸ்பிரின் உட்கொண்ட தன்னார்வலர்களின் கொப்புள நீரில் லிப்பாக்சின் இணைவடிவம் கூடியது, வெள்ளணுக்கள் குறைந்தன. மீன் எண்ணெய் பற்றிய பெரிய ஆய்வுகளோ ஒத்துப்போகவில்லை. 2018இல் முடிவு வெளியான வைட்டல் ஆய்வில் நாளுக்கு 1 கிராம் ஒமேகா-3 மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் மொத்த எண்ணிக்கையைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. அதே ஆண்டின் ரெட்யூஸ்-இட் ஆய்வில், தூய்மைப்படுத்திய ஈபிஏ 4 கிராம் இதய நிகழ்வுகளைச் சுமார் 25 விழுக்காடு குறைத்தது. எனினும் ஒப்பீட்டுக்குத் தரப்பட்ட கனிம எண்ணெய் பற்றிய விவாதம் ஓயவில்லை. இரண்டிலும் ரிசால்வின்தான் காரணமென்று சொல்லத் தக்க அளவீடு இல்லை.

அளவீடே இன்று துறையின் முதல் சிக்கல். இச்சேர்மங்கள் உடலில் பிக்கோகிராம் அளவில்தான் இருக்கின்றன. நிறைநிரல்மானி காட்டும் சிறு முகடு உண்மையான ரிசால்வினா, கருவியின் இரைச்சலா என்று 2022இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் வெளிப்படையாகவே கேள்வி எழுப்பினர். இவற்றுக்குச் சொல்லப்படும் ஏற்பிகளையும் அவர்கள் ஐயுற்றனர். ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்கள் தனித்தனியே அளந்து, கண்டறியும் வரம்பையும் மூல வரைபடங்களையும் வெளியிட்டால்தான் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். மாநாட்டின் முதல் நாள் அமர்வுகள் அதற்கே ஒதுக்கப்பட்டுள்ளன.