கணக்கை முடித்துவிடாதீர்கள்

(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பி பிளாக் இரண்டாம் மாடியில் 16 வருஷம் குடியிருந்தவன் நான். புதிதாக வந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. பழையவர்களுக்கு, மெயின்டெனன்ஸ் ரசீதில் ஒரு ரூபாய் இடித்தாலும் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டுகிற பேங்க்காரராக ஞாபகம் இருக்கும். 2017 ஜூனில், ஓய்வு பெற்ற கையோடு, நானும் மனைவியும் தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டோம். பேத்தியைப் பார்க்க இப்போது ஒரு மாதம் மகளோடு அதே வீட்டில் இருக்கிறோம்.

வந்த நாளிலிருந்து மூன்று குடும்பத்தார் கேட்டுவிட்டார்கள். "நாங்களும் கிராமத்துக்குப் போகலாம்னு இருக்கோம் சார், வசதியெல்லாம் எப்படி?" வசதியைப் பற்றி யூடியூபில் நிறையச் சொல்கிறார்கள். அங்கே இருக்கிற மனிதர்களோடு பழகுவதைப் பற்றி அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு அதற்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அதில் முதல் ஒன்றரை வருஷம் முழுக்க என் தப்பு. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்த ஊரில் எங்களுக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. கூட வேலை பார்த்த ஒருவர் சொல்லி, ஒரு ஏக்கர் தென்னந்தோப்பும் அதில் ஓர் ஓட்டு வீடும் வாங்கினோம். 70 மரம். போன வாரத்திலேயே விசாரணை ஆரம்பித்துவிட்டது. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், பென்ஷன் எவ்வளவு, ஏன் பிள்ளைகளோடு இல்லை? நம் லிஃப்டில் பத்து வருஷம் சேர்ந்து போனவர்கள்கூட இதையெல்லாம் கேட்க மாட்டார்கள். சுற்றி வளைத்துச் சாதிக்கும் வருவார்கள். கோபப்பட்டுப் பயனில்லை. அவர்களுக்கு உங்களை எங்கே வைப்பது என்று தெரிய வேண்டும். நீங்கள் எப்படிப் பதில் சொல்கிறீர்கள் என்பது உங்கள் விருப்பம். நான் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

பக்கத்துத் தோப்புக்காரர் ஐம்பது வயதுக்காரர். நாங்கள் போன மூன்றாம் நாளே நாலு இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பர்ஸை எடுத்து 100 ரூபாய் நீட்டினேன். "இருக்கட்டும் சார்" என்றார். "அதெல்லாம் முடியாது" என்று சட்டைப் பையிலேயே திணித்தேன். அடுத்து ஒரு வாழைத்தார் வந்தது. அன்று மாலையே என் மனைவி இனிப்புப் பெட்டி கொடுத்தனுப்பினாள். கிண்ணத்தில் குழம்பு வந்தால், ஒரு மணி நேரத்தில் கிண்ணம் நிறையப் பழத்தோடு திரும்பிப் போகும்.

நாங்கள் மரியாதையாக நடந்துகொள்வதாகத்தான் நினைத்தோம். 35 வருஷம், கேஷ் டேலி ஆகாமல் வீட்டுக்குக் கிளம்பாத ஆள் நான். ஒருவருக்கு ஒன்று பாக்கி வைத்துத் தூங்கத் தெரியாது. கொஞ்ச நாளில் அவர் எதுவும் கொண்டுவருவதில்லை. எங்களுக்கு ஏன் என்று புரியவில்லை.

சரி, நாம் ஊருக்கு உபயோகமாக இருப்போம் என்று திண்ணையில் மேஜை போட்டேன். நகைக் கடன் புதுப்பிப்பது, கே.ஒய்.சி. படிவம், ஜன் தன் பாஸ்புக்கில் என்ன பிடித்தம் என்று பார்த்துச் சொல்வது, முதியோர் பென்ஷன் மனு. நல்ல கூட்டம். ஆனால் வந்தவர்கள் திண்ணை விளிம்பில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு, "வர்றேன் சார்" என்று போய்விடுவார்கள். ஒரு நாள் ராத்திரி மனைவி சொன்னாள்: "நீங்க இங்கயும் கவுண்டரைத் தொறந்துட்டீங்க. நான் யார்கிட்ட பேசுறது?" அந்தப் பொங்கலுக்குள் சென்னைக்குத் திரும்பிவிடுவது என்று பேசி வைத்தோம்.

2018 ஆகஸ்டில் பக்கத்துத் தோப்புக்காரரின் தாயார் இறந்துபோனார். பறைச் சத்தம் கேட்டது. எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. அழைக்காத இடத்துக்குப் போவானேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து டீக்கடைக்காரர் கேட்டார்: "கல்யாணத்துக்குச் சொன்னாத்தான் வரணும். சாவுக்குமா சார் சொல்லணும்?" டீ தொண்டையில் இறங்கவில்லை. அன்று மாலை போய்த் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டு வந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

நவம்பர் 15 ராத்திரி கஜா புயல். விடிய விடியக் காற்று. பாதி ஓடு பறந்துவிட்டது. நாங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தோம். விடிந்து வெளியே வந்தால் வானம் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. 70 மரத்தில் 9 நின்றது. ஒன்று சமையற்கட்டின் மேல் கிடந்தது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, தொட்டி காலி. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. பர்ஸில் பணம் இருந்தது. வாங்கக் கடை திறந்திருக்கவில்லை.

பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். அவருக்கு 200 மரத்துக்கு மேல் போயிருந்தது. இருபது வருஷம் வளர்த்த மரங்கள். அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "தம்பி, குடிக்கத் தண்ணி வேணும்" என்றேன். அந்த ஊரில் நான் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து, "உள்ள வாங்கண்ணே" என்றார். அதுவரை சார்தான்.

12 நாள் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. நாலு வீடு சேர்ந்து ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து மோட்டார் ஓட்டினோம். "சார் வீட்டம்மா"வாக இருந்த என் மனைவி மூன்றாம் நாள் "அக்கா" ஆகி, அவர்கள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு ஊரைக் காலி செய்யும் பேச்சை அப்புறம் அவள் எடுக்கவே இல்லை.

இங்கே நமக்கும் 2015 டிசம்பர் ஞாபகம் இருக்கும். மொட்டை மாடியில் சேர்ந்து சமைத்தோம், ஏ பிளாக்கில் தண்ணீர் ஏறியவர்கள் நம் ஹாலில் படுத்தார்கள். தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்து நேர் பண்ணிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டோம். நானும்தான்.

புயல் நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100. அதற்கு மனு எழுதத் தெருவும் காலனியும் என் திண்ணைக்கு வந்தன. இந்தத் தடவை யாரும் விளிம்பில் உட்காரவில்லை, டீ குடித்துவிட்டுத்தான் போனார்கள். காலனிக்காரர்கள் அதே பெஞ்சில் உட்காருவதைப் பார்த்து இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். ஒருவர் பிறகு சரியானார். இன்னொருவர் இன்றுவரை என் வீட்டுப் படி ஏறுவதில்லை. எல்லோரோடும் சிநேகிதம் ஆகிவிடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். சிலரது சிநேகிதத்துக்குக் கேட்கிற விலை அதிகம்.

2019 ஆடியில் தோப்புக்காரர் மொய் விருந்து வைத்தார். அந்தப் பக்கத்து வழக்கம் இது. ஆடி, ஆவணியில் கறி விருந்து போடுவார்கள். அவர் மற்றவர்களுக்குச் செய்த மொய் திரும்பி வரும். வாங்கியதை மட்டும் அப்படியே கொடுப்பதில்லை, மேலே ஒரு தொகை சேர்த்துப் போடுவார்கள். அது மறுபடி இவர் பேரில் கடன். காமர்ஸ் படித்த எனக்கு முதலில் தலை சுற்றியது. நேர் ஆகவே ஆகாத கணக்கு! சரியாக வாங்கினதை மட்டும் ஒருவர் திருப்பினால், இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று பொருள்.

பணம் எண்ண என்னை உட்கார வைத்தார்கள். மரம் போன வருஷம், அவருக்குப் பணம் தேவை. புயலில் சாப்பிட்டதற்கெல்லாம் சேர்த்து 25,000 எழுதச் சொன்னேன். அவர் நோட்டை மூடினார். "புயலுக்கு மொய் எழுதுவாங்களாண்ணே? எல்லாரும் போல ஆயிரம் எழுதுங்க. மீதி என் மக கல்யாணம் வரும்ல, அப்ப பாத்துக்கலாம்." ஆயிரம்தான் எழுதினேன். மகளுக்கு அப்போது 13 வயது.

நிலம் பார்க்கிறவர்கள் முதலில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள், மழைக்காலம் ஒன்று கண்டிப்பாக. போனதும் ஆறடிக்குக் காம்பவுண்ட் எழுப்பாதீர்கள். மளிகையைப் பார்சலில் வரவழைக்காமல் ஊர்க் கடையில் வாங்குங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடும். முதல் இரண்டு தடவை போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இதய டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் தஞ்சாவூருக்குத்தான் போகிறோம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பட்டா, வில்லங்கம் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் காபி நேரத்தில் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நாங்கள் கிளம்புகிறோம். தம்பி மகளுக்கு ஆவணியில் கல்யாணம், பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்குள் நான் போயாக வேண்டும்.