கருவியும் குறிக்கோளும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தபோது நாம் தயங்கினோம். ஆயுள் முழுவதுங் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் வீற்றிருக்கும் இவ்வவையிலே, இன்னும் பல்கலைக்கழக மாணாக்கராயிருக்கும் நாம் அதுபற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். ஆயினும் எமக்குக் கற்பித்த ஓர் ஆசிரியையின் குறிக்கோள் மூன்று முறை மாறியதை நாம் அருகிலிருந்து கண்டோம். அதனைச் சொல்லும் உரிமை மாணாக்கருக்கு உண்டென்ற துணிவினாலேயே இங்கு நிற்கின்றோம். பெயர் கூறுவதை அவர் விரும்பாமையால், ஆசிரியை என்றே குறிப்பிடுவோம்.

நாம் பயின்றது ஒரு மிஷன் பாடசாலை. அங்கே அவர் கணிதம் கற்பித்தார். 2019 ஆம் ஆண்டிலே கல்வித் தொழினுட்பத்தில் முதுமாணிப் பட்டத்துக்காகப் படிக்கத் தொடங்கினார். வாரநாட்களிற் பாடசாலை, வாரவிறுதியிற் படிப்பு. எதற்காகப் படிக்கின்றீர்கள் என்று நாம் கேட்டபோது, "பிள்ளையள், ரெண்டு வருஷத்தில எங்கட வகுப்பில கரும்பலகையே இருக்காது, பாருங்கோ!" என்றார். புதிய கருவிகளைக் கற்று அவற்றை வகுப்பறைக்குக் கொண்டு வருதல் அவரது முதற் குறிக்கோளாயிருந்தது.

இவ்வெண்ணம் புதியதன்று. சலனப்படம் வளர்ந்துவந்த காலத்தில், 1913 ஆம் ஆண்டிலே, தோமஸ் எடிசன் பாடசாலைகளிற் புத்தகங்கள் விரைவில் வழக்கொழியுமென்றும், பத்தாண்டுகளிற் பாடசாலை முறையே மாறிவிடுமென்றுங் கூறினார். நூறாண்டுக்கு மேலாயிற்று, புத்தகம் இன்னும் பிள்ளைகளின் பையிலே இருக்கின்றது. பின்னர் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, கணினி வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோதும் இதே நம்பிக்கை எழுந்தது.

2020 மார்ச் மாதத்திலே பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. நாம் அப்பொழுது பதினோராந் தரத்தில் இருந்தோம். ஆசிரியை ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப் மூலம் ஒரு காணொளிப் பாடத்தை அனுப்பினார். பாடங்கள் மிகச் சிறப்பாயிருந்தன. பெற்றோர் புகழ்ந்தனர், அயற் பாடசாலை ஆசிரியர்களுங் கேட்டு வாங்கினர். அப்புகழிலே இரண்டாவது குறிக்கோள் முளைத்தது. வகுப்பறையை விட்டு விலகிக் கொழும்பிலே காணொளிப் பாடங்கள் ஆக்கும் தொழிலிற் சேர்ந்துவிட எண்ணினார். 38 பிள்ளைகளுக்குக் கற்பிப்பதிலும் 38,000 பிள்ளைகளுக்குக் கற்பித்தல் மேலன்றோ என்பது அவரது வாதம். கேட்ட நாமும் தலையசைத்தோம்.

எம்முடன் ஒரே வாங்கிலிருந்த நண்பன் ஒருவனிடமிருந்து மாத்திரம் ஒரு நாளேனும் விடை வரவில்லை. ஆசிரியை தம் குறிப்பேட்டில் அவன் பெயருக்கு எதிரே "ஆர்வமில்லை" என்று எழுதினார். அடுத்த ஆண்டு மார்ச்சிலே சாதாரண தரப் பரீட்சை நடைபெற்றது. பெறுபேறு வந்தபோது அவனுக்குக் கணிதத்திற் சித்தியில்லை. அவன் தந்தையின் படகில் ஏறிவிட்டான்.

இவ்விடத்தில் எமது குற்றத்தையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அவன் வீட்டிலிருந்தது ஒரேயொரு கைத்தொலைபேசி என்பதும், அது பொழுதுபடத் தந்தையுடன் கடலுக்குப் போய்விடும் என்பதும் எமக்குத் தெரியும். தெரிந்தும் ஒருவரிடமுஞ் சொன்னோமில்லை. எவரும் எம்மைக் கேட்கவுமில்லை. நாமும் எமது புள்ளிகளைப் பற்றிய கவலையிலே மூழ்கியிருந்தோம்.

ஆசிரியையின் படிப்பு இதற்கிடையில் ஒரு கட்டத்தை அடைந்தது. கற்பித்தலை வடிவமைக்கும் முறையில் ஐந்து படிகள் உண்டு: பகுத்தாய்தல், வடிவமைத்தல், ஆக்குதல், செயற்படுத்தல், மதிப்பிடுதல். முதற்படியிலே கற்போர் யாவர், அவர்கள் ஏற்கெனவே அறிந்தது யாது, எந்நிலையில் இருந்து கற்கின்றனர் என்பவற்றை ஆராய்தல் வேண்டும். ஆசிரியை தம் ஒப்படையிலே கருவிகளைப் பற்றி ஆறு பக்கமும் மாணாக்கரைப் பற்றி இரண்டு வரியும் எழுதியிருந்தார். விரிவுரையாளர் அவ்விரண்டு வரிகளின் கீழ்க் கோடிட்டு, "இவர்கள் யார்?" என்று மாத்திரம் எழுதித் திருப்பி அனுப்பினார்.

ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு ஆசிரியை வீடு வீடாகப் புறப்பட்டார். முதலிற் சென்றது அந்த நண்பனின் வீட்டுக்கு. "ரீச்சர், ஃபோன் தகப்பனோட கடலுக்குப் போயிடும். விடியத்தான் திரும்பி வரும். வரேக்க அதில சார்ஜும் இராது," என்றார் தாயார். அவர் குறைகூறும் குரலில் அதைச் சொல்லவில்லை. வானிலை கூறுவதுபோலச் சொன்னார். அன்றிரவு ஆசிரியை தம் குறிப்பேட்டை எடுத்து "ஆர்வமில்லை" என்ற சொல்லை வெட்டினாராம். "சொல்லை வெட்டினன், ஆனால் அந்த வருஷத்தை வெட்ட ஏலாது," என்று பின்னர் எம்மிடங் கூறினார்.

அதன்பின் அவர் முன்னர் பரீட்சைக்காகப் படித்தவற்றை மீண்டும் படித்தார். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1953 ஆம் ஆண்டிலே தம் மகளின் கணித வகுப்பைப் பார்க்கச் சென்றார். கணக்குச் செய்த பிள்ளைகள் தம் விடை சரியோ பிழையோ என்று உடனே அறியாதிருந்தமையும், செய்து முடித்தவர்கள் மற்றவர்களுக்காகக் காத்திருந்தமையும் அவர் கண்ட குறைகள். அவற்றைப் போக்கவே அவர் கற்பிக்கும் பொறியை அமைத்தார். பொறியின் நன்மை தீமை எவ்வாறாயினும், அவர் தொடங்கியது ஒரு பிள்ளையின் இடர்ப்பாட்டைக் கண்ணாற் கண்ட பின்பே.

1983 இல் றிச்சர்ட் கிளார்க் என்னும் அறிஞர், பாடத்தைச் சுமந்துவரும் ஊடகம் பலசரக்கு ஏற்றிவரும் லொறியைப் போன்றது, லொறியை மாற்றுவதால் உணவின் சத்துக் கூடாது என்னுங் கருத்துப்பட எழுதினார். றொபேர்ட் கொஸ்மா என்பவர் இதனை மறுத்து, ஒவ்வோர் ஊடகத்துக்கும் தனித்த ஆற்றல் உண்டு, அதனைப் பயன்படுத்தி வடிவமைத்தாற் கற்றல் சிறக்கும் என்று வாதித்தார். மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புன்யா மிஷ்ராவும் மத்தியூ கோலரும் 2006 இல், பாட அறிவு, கற்பித்தல் அறிவு, தொழினுட்ப அறிவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிப் பிணையவேண்டுமென விளக்கினர். இம்மூன்றில் ஒன்றை மாத்திரமே தாம் தேடியதாக ஆசிரியை உணர்ந்தார்.

மூன்றாவது குறிக்கோள் இவ்வாறு பிறந்தது: யார் கற்கவில்லை என்று முதலிற் கண்டுபிடித்து, அவருக்கு ஏற்ற கருவியைப் பின்னர் தேடுதல். கொழும்பு எண்ணத்தைக் கைவிட்டு, கணிதத்திற் பின்தங்கிய பிள்ளைகளின் வகுப்பைத் தாமே கேட்டுப் பெற்றார். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தாள் ஆக்கினார். அதிலே முழுமையாகச் செய்துகாட்டிய கணக்கொன்று, பாதி செய்த கணக்கொன்று, பிள்ளை தானே செய்யவேண்டிய கணக்கொன்று. விடை தாளின் பின்புறத்தில் இருக்கும். பிள்ளை உடனே ஒப்புநோக்கலாம். விளக்கத்தைச் சிறிய குரற்பதிவாக விடியற்காலையில் அனுப்பினார். தாள்கள் கடற்கரைக் கடையொன்றில் வைக்கப்பட்டன. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியிலே நாளுக்குப் பல மணிநேரம் மின்சாரம் நின்றபோதும் அத்தாள்கள் விளக்கொளியில் வேலை செய்தன. கடதாசி விலையேறியபோது பழைய தாள்களின் வெற்றுப் பக்கங்களில் அச்சிட்டார்.

எமது நண்பன் பாடசாலைக்குத் திரும்பவில்லை. ஆனால் அவன் தங்கை அத்தாள்களை வரிசையாகக் கோத்து வைத்திருக்கின்றாள். அவள் அடுத்த பரீட்சைக்குத் தோற்றவிருக்கின்றாள்.

பெரியோர்களே, இவ்வுண்மை எமது மண்ணுக்குப் புதிதன்று. மிஷன் பாடசாலையிலே பயின்று அங்கேயே கற்பித்த ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு தமிழகஞ் சென்று அச்சியந்திரத்தைத் தேடிப் பெற்றார். பின்பு பிள்ளைகளின் படிநிலைக்கேற்பப் பாலபாடங்களை ஆக்கி அச்சிட்டார். இவ்வாண்டுகளின் ஒழுங்கை நோக்குக. பாடசாலை முந்தியது; யந்திரம் பிந்தியது. பிள்ளைக்குப் புத்தகம் வேண்டியிருந்தது. அதற்காகவே யந்திரம் வந்தது.

இறுதியாக எமது சங்கத்தின் காரியம் ஒன்று. எமது மாலை வகுப்புக்குத் தொடுதிரைப் பலகை ஒன்று வாங்க நிதி திரட்டப்படுகின்றது. அம்முயற்சியை நாம் குறைகூறவில்லை. கருவியை வெறுப்பதும் அறிவுடைமையாகாது. 2022 இறுதியில் வெளிவந்த சாட்ஜிபிடி முதலிய செயற்கை அறிவுப் பொறிகளையும் எம்மவர் கற்றேயாகவேண்டும். ஆயினும் பணத்தைக் கொடுக்கும் முன்னர் வாலிபர்களாகிய நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மாலை வகுப்பின் இடாப்பை எடுத்து, ஒரு மாதமாக வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு இருவர் இருவராகச் செல்வோம். ஏன் வரவில்லை, வீட்டிற் படிக்க இடமுண்டா, எந்நேரம் ஓய்வு, எப்பாடங் கடினம் என்னும் நான்கு கேள்விகளைக் கேட்போம். வந்த விடைகளைப் பெரியோர்முன் வைப்போம். திரை வேண்டுமென்று அவை சொன்னாற் திரை வாங்குவோம். விளக்கும் மேசையும் வேண்டுமென்று சொன்னால் அவற்றை வாங்குவோம்.

அன்று எம்மை எவருங் கேட்கவில்லை என்று நாம் வாளாவிருந்தோம். இனி அவ்வாறு இருக்கமாட்டோம். எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு இடாப்புடன் சங்க மண்டப வாயிலில் நிற்போம். உடன்வர விரும்புவோர் வருக.